ஒன்றரை மீட்டர்

ரொட்டிக் கடைக்கு வெளியே நடைபாதையில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு ஒருவராக, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஊருக்கே பல்வலி வந்ததுபோல ஜனங்கள் நின்றிருந்தார்கள். நேலிடா கடைசிக் கோட்டில் நின்றாள். ரொசாரியோவில் வரிசைக்கு வருகிற எவரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அதைத்தான் அவளுக்குப் பின்னால் வந்தவனும் கேட்டான்.

"மன்னிக்கணும் சென்யோரா. வரிசையில கடைசி நீங்கதானா?"

நேலிடா திரும்பவில்லை. மூக்கால் பேசுகிற, ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத் துடைத்து வைக்கிற அந்த மரியாதைக் குரல். கூட்டத்தில் கேட்டாலும் தெரியும், கனவில் கேட்டாலும் தெரியும். கனவில்தான் அடிக்கடி கேட்டிருக்கிறாள்.

"ஆமா," என்றாள்.

"ரொம்ப நன்றி."

ரொட்டி வாங்காமலே வரிசையை விட்டு விலகி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ராணுவ ஆட்சி நடந்த எழுபத்தேழாம் வருடக் குளிர்காலத்தில் அவளையும் தங்கை ஸுலேமாவையும் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். நேலிடாவுக்கு இருபத்திரண்டு வயது, ஸுலேமாவுக்குப் பத்தொன்பது. நகரத்துக்கு வெளியே மூடிக் கிடந்த ஒரு தோல் கிடங்கில் அடைத்தார்கள். அங்கே இருந்த காலம் முழுக்கக் கண்ணில் கட்டு. மற்ற காவலர்கள் கதவை உதைத்துத் திறப்பார்கள். ஒருவன் மட்டும் வாசலில் நின்று, "உள்ளே வரலாமா, சென்யோரிட்டா?" என்று கேட்பான். கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். மின்சாரக் கம்பியை உடம்பில் வைக்கும்போதும் "மன்னிக்கணும்" என்பான். அந்த மரியாதைக்காகவே அவனை மற்றவர்களைவிட அதிகமாக வெறுத்தாள் நேலிடா.

அவளை ஒரு விடிகாலையில் நெடுஞ்சாலை ஓரமாக இறக்கிவிட்டார்கள். ஸுலேமா வரவில்லை. அதே ஆள் அவர்களுடைய அப்பாவை ஒரு காப்பிக் கடைக்கு வரச்சொல்லி, 'நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் சின்னவளும் வந்துவிடுவாள்' என்று வாக்குக் கொடுத்தானாம். அப்பா வாயை மூடிக்கொண்டார். மூடிய வாய் மூடியபடியே செத்தும் போனார்.

வழக்கு என்று ஒன்று வருவதற்குள் நேலிடாவுக்குத் தலை நரைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், நீதிமன்றத்தில் போய் நின்றாள். கண்ணைக் கட்டியிருந்தார்களே, ஆளை எப்படி அடையாளம் தெரிந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டுவிட்டுச் சிரித்தார். பதிவு செய்த குரல்களை வரிசையாகப் போட்டுக் காட்டினார்கள். தயங்காமல் ஒன்றைச் சுட்டினாள். அது ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஆர்மாந்தோ பெர்தோல்டியின் குரல். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். தீர்ப்பைக் கேட்டுவிட்டு அவன், "நான் கடவுச்சீட்டுப் பிரிவுல முத்திரை குத்திக்கிட்டு இருந்தவன். அந்தச் சின்னப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்," என்று ஜெபமாலையை உருட்டினான். ஸுலேமாவின் எலும்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

நேலிடா எழுந்து தன் வக்கீல் இலியானாவுக்குப் போன் போட்டாள். இத்தனை வருட வழக்கில் இருவரும் வக்கீல், கட்சிக்காரர் என்பதெல்லாம் போய்ச் சிநேகிதிகள் ஆகிவிட்டிருந்தார்கள்.

"இலியானா, பெர்தோல்டி எங்கே இருக்கான்?"

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. வாயாடி வக்கீல் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன் நேலிடா..."

"எங்கே இருக்கான்னு கேட்டேன்."

"பொண்ணு வீட்ல. வீட்டுக்காவல் குடுத்துட்டாங்க. வயசாயிடுச்சாம், நுரையீரல் சரியில்லையாம், ஜெயில்ல கொரோனா வந்தா தாங்க மாட்டானாம். நான் எதிர்த்தேன். பாதிக்கப்பட்டவங்களக் கூப்பிட்டுக் கேளுங்கன்னு எழுதினேன். நீதிமன்றமே பூட்டிக் கிடக்கு, எல்லாம் இமெயில்லயே நடந்துபோச்சு. 'அசாதாரணச் சூழல்'னு ஒரு வார்த்தையப் போட்டு முடிச்சுட்டாங்க."

"எனக்கு ஏன் சொல்லல?"

"தனியா அடைஞ்சு கிடக்கே. இதையும் சொன்னா என்ன ஆவியோன்னு பயந்துட்டேன்."

"பயந்தியா? நல்லா பயந்தே போ. அவன் எனக்குப் பின்னாடி நின்னு ரொட்டி வாங்குறான். எங்க தெருவுல!"

"வெளிய வந்தானா? வெளிய வரக்கூடாதே!"

"காலில ஏதோ கருவி மாட்டுவாங்களே, அது என்னாச்சு?"

"கையிருப்பு இல்லையாம். நோய்க்காலம் முடிஞ்சதும் மாட்டுவாங்களாம். அதுவரைக்கும் பொண்ணுதான் பொறுப்பு."

நேலிடா சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

"எனக்கும் அவனுக்கும் என்னடி வித்தியாசம்? அவனுக்கும் வீட்டுக்காவல், எனக்கும் வீட்டுக்காவல். வயசானவ, வெளிய வராதேன்னு டிவியில தினமும் மிரட்டுறாங்க. அவன் கொலை பண்ணினான், உள்ள இருக்கான். நான் என்ன பண்ணினேன்? ஆனா பாரு, நான்தான் ஒழுங்கா உள்ள இருக்கேன். அவன் ஜாலியா சுத்துறான்."

"நேலிடா, கேளு. வெளிய வந்தான்னு நிரூபிச்சா ஒரே நாள்ல திருப்பி உள்ள தள்ளிடலாம். ஆனா நிரூபிக்கணும்."

"போட்டோ எடுக்குறேன்."

"முகத்துல துணியோட யாரோ ஒரு கிழவன். அவன் வக்கீல் ஊதித் தள்ளிடுவான்."

"குரல்?"

"குரலா? போன தடவை அதை ஏத்துக்க வைக்கறதுக்கு நாம பட்ட பாடு மறந்துபோச்சா?"

"அப்போ என் கண்ணைக் கட்டினான். இப்போ அவன் மூஞ்சியைக் கட்டிக்கிட்டான். ரெண்டு தடவையும் நிரூபிக்கற வேலை எனக்குத்தான். நல்லா இருக்கு உங்க நீதி!"

இலியானா கோபித்துக்கொள்ளவில்லை. "சீருடை போட்ட ஒருத்தர் தெருவுல வச்சு அவன் அடையாள அட்டைய வாங்கிப் பார்த்துப் பதிவு பண்ணணும். அது ஒண்ணு போதும். அதை மட்டும் யாராலயும் அசைக்க முடியாது," என்றாள்.

வேறு காலமாக இருந்தால் இதற்கெல்லாம் அவசியமே வந்திருக்காது. இப்படிப்பட்டவன் ஒருவன் தெருவுக்குக் குடிவந்தால் என்ன செய்வது என்று இந்த நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நூறு பேர் மேளத்தோடு அவன் வாசலில் போய் நிற்பார்கள். அவன் பெயரையும் அவன் செய்ததையும் அக்கம்பக்கத்துக்கு உரக்கச் சொல்வார்கள். சுவரில் சிவப்புச் சாயத்தை வீசிவிட்டு வருவார்கள். அதற்கப்புறம் கடைக்காரன் சாமான் தர மாட்டான், முடிவெட்டுகிறவன் கத்தியைத் தொட மாட்டான். நீதிமன்றம் கைவிட்டால் தெருவே சிறையாகிவிடும். இப்போது பத்துப் பேர் கூடினால் போலீஸ் வரும். காணாமல்போனவர்களுக்காக வருடம் தவறாமல் நடக்கும் மார்ச் ஊர்வலத்தையே நிறுத்திவிட்டு, அவர்களுடைய தாய்மார்கள் கட்டுகிற மாதிரி ஆளுக்கொரு வெள்ளைத் தலைத்துணியைப் பால்கனியில் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நேலிடா பழைய தோழர்களுக்குப் போன் செய்தாள். கண்டனக் கூட்டம் போடலாம், கணினியில் கூடலாம் என்றார்கள். கொலைகாரன் தெருவில் நடப்பானாம், நியாயம் கேட்கிறவர்கள் தீப்பெட்டி அளவு சன்னலுக்குள் உட்கார்ந்து கையை ஆட்டுவார்களாம். போனை வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம், வரிசை ஓய்ந்த நேரமாகப் பார்த்து ரொட்டிக் கடைக்குப் போனாள். கடைக்காரி தெல்மா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில எங்கே போனே? பிறை ரொட்டி எடுத்து வச்சிருந்தேனே."

"எனக்குப் பின்னாடி நின்னவன் யாரு?"

"தோன் ஆர்மாந்தோவா? மரியாதைக்கு எல்லாரும் 'தோன்'னுதான் கூப்பிடறோம். புதுசா வந்திருக்காரு. பொண்ணு வீடு அந்த மூலையில. தங்கமான மனுஷன், நேலிடா. இந்தக் காலத்துல யாரு அவ்வளவு மரியாதையா பேசறா? என் புருஷனுக்குக் கொஞ்சம் பாடம் எடுக்கச் சொல்லணும்."

நேலிடா அவன் யார் என்று சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். தெல்மாவுக்கு ஸுலேமாவைப் பற்றித் தெரியும். நேலிடாவின் வீட்டில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்திருக்கிறாள். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஆள் தப்பா இருக்கப்போகுது."

"இல்ல."

"சரி, அவனாகவே இருக்கட்டும்." தெல்மா குரலைத் தாழ்த்தினாள். "எத்தனை வருஷம் ஆச்சு? உலகமே செத்துக்கிட்டு இருக்கு. எங்க மச்சான் ஆஸ்பத்திரியில கிடக்கான், யாரும் போய்ப் பார்க்க முடியல. இந்தச் சமயத்துல ஒரு கிழவன் ரெண்டு ரொட்டி வாங்கினா என்ன ஆயிடப்போகுது? நீயும் உன் உடம்பப் பாரு. கோபம் உடம்புக்கு ஆகாது."

"உன் மச்சான் செத்தா எங்கே புதைச்சாங்கன்னு உனக்குச் சொல்லுவாங்க தெல்மா," என்றாள் நேலிடா. சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. ஆனால் திரும்பி எடுத்துக்கொள்ளவில்லை. தெல்மாவின் கண் கலங்கியது. துடைத்த தட்டையே மறுபடி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் நேலிடா முன்னதாகவே வந்து மருந்துக் கடை ஓரமாக நின்றாள். மூலையில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு போலீஸ்காரன் நின்றிருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத வயசு. சட்டையில் ஒவியேதோ என்று பெயர் இருந்தது. பெர்தோல்டி வந்தான். நல்ல கம்பளிச் சட்டை, தலையில் தொப்பி, முகத்தில் வெளுத்துத் தேய்த்த துணி, கையில் மடித்த பை. "கடைசி யாருங்க?" என்று கேட்டு வரிசையில் சேர்ந்தான்.

நேலிடா போலீஸ்காரனிடம் போனாள்.

"தம்பி, அந்தத் தொப்பிக்காரன் ஆயுள் தண்டனைக் கைதி. வீட்டுக்காவல்ல இருக்கணும். வெளிய வந்து நிக்கிறான். அவன் அட்டைய வாங்கிப் பாரு."

ஒவியேதோ வரிசையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எந்த வழக்கு?"

"தோல் கிடங்கு வழக்கு. எழுபத்தேழு."

"எழுபத்தேழா?" பையன் கண்ணிலேயே சிரித்தான். "எங்கம்மாவே அப்போ பொறக்கலையே. பாட்டி, வீட்டுக்குப் போங்க. உங்க வயசுல வெளிய நிக்கறது ஆபத்து."

"யாருக்குடா பாட்டி? நீ பார்க்க மாட்டியா?"

"சும்மா நிக்கற பெரியவர்கிட்ட நான் எப்படிம்மா அட்டை கேக்கறது? தப்பு ஏதாவது பண்ணணுமே."

தப்பு ஏதாவது பண்ணணுமாம். கிடங்கில் செத்தவர்கள் முப்பது பேர் என்று நீதிமன்றம் எண்ணி எழுதியிருக்கிறது. அது தப்பில் சேராது போல. சரி, உங்களுக்குத் தெரிந்த தப்பையே சொல்கிறேன் என்று நினைத்தாள். நேராக வரிசைக்கு நடந்தாள். அவனுக்குப் பின்னால் இருந்த கோட்டில் நின்றுகொண்டு, வகுப்பறையில் முப்பது வருடம் கத்திப் பழகிய தொண்டையைத் திறந்தாள்.

"இந்த ஆளு வெளியூர்லேர்ந்து வந்திருக்கான்! அங்கே பாதிப் பேருக்குக் கொரோனா! ஒருநாள்கூடத் தனிமையில இருக்காம இங்க வந்து உங்க ரொட்டிய மோந்து பார்த்துக்கிட்டு நிக்கிறான்!"

அடேயப்பா, என்ன வேகம்! வரிசை வெடித்துச் சிதறியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி தெருவுக்கே இறங்கி ஓடினாள். "வெளியூரா? எந்த ஊரு?" என்று ஒருவன் கத்தினான். "தோன் ஆர்மாந்தோ, எங்ககிட்ட சொல்லவே இல்லையே!" என்று இன்னொருத்தி நடுங்கினாள். எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து ஒரு அம்மாள், "போலீஸ்! போலீஸ்!" என்று கூவ ஆரம்பித்துவிட்டாள். ஒவியேதோ மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு ஓடிவந்தான். முப்பது உயிருக்கு அசையாத தெரு ஒரு இருமல் பயத்துக்கு எழுந்து நின்றது. நேலிடாவுக்கு அழ வேண்டும் போலவும் இருந்தது, அத்தனை பேரையும் அறைய வேண்டும் போலவும் இருந்தது.

"அடையாள அட்டை குடுங்க, சார்."

"தாராளமா, ஆபீசர்," என்றான் பெர்தோல்டி. மறுக்க முடியாத இடத்தில் மரியாதையாகக் கொடுத்துவிடுவது அவன் வழக்கம். பையன் அட்டையைக் கிருமிநாசினி அடித்து வாங்கிக்கொண்டான். "முகவரி வேற ஊராத்தான் இருக்கு. யாரும் நகரக்கூடாது. அவங்கவங்க கோட்டுல நில்லுங்க," என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளுக்குப் போய் வயர்லெஸ்ஸில் எண்ணைப் படிக்கத் தொடங்கினான்.

ஜனங்கள் விலகி நின்றார்களே தவிரப் போகவில்லை. இரண்டு மாதமாகத் தெருவில் வேடிக்கை ஏது? தெல்மா கடை வாசலுக்கு வந்து நின்றாள்.

பெர்தோல்டி திரும்பி நேலிடாவைப் பார்த்தான். அவள் தன் முகத்துணியைக் கீழே இறக்கினாள். யார் என்று அவனுக்குப் புரிந்தது. ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல," என்றாள்.

அவன் ஓர் அடி முன்னால் வைத்தான்.

"பெரியவரே! கோட்டுல நில்லுங்க!" என்று மூலையிலிருந்து ஒவியேதோ அதட்டினான். "அம்மா, நீங்க துணியைப் போடுங்க!"

அவன் பின்வாங்கினான். மறுபடி ஏதோ சொன்னான். துணிக்குள் சொற்கள் அமுங்கிப்போயின.

"மூஞ்சியில துணி கட்டியிருக்கே. காதுல விழல. சத்தமா சொல்லு."

அவன் மூலையைப் பார்த்தான். வயர்லெஸ்ஸில் யாரோ எண்ணைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நேரமில்லை. அவன் வாழ்நாள் முழுக்கப் பேரத்தைக் காதோடு காதாகப் பேசியவன். ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று பேரம் பேசிப் பழக்கமில்லை. துணியை விலக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகச் சொன்னான்.

"உங்க தங்கச்சி எங்கே இருக்கான்னு சொல்றேன். ஆள் மாறிப்போச்சுன்னு அந்தப் பையன்கிட்ட சொல்லிடுங்க. இன்னிக்கே சொல்றேன்."

நேலிடாவுக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி என்று சொல்ல வாய் திறந்தது. போகட்டுமே இவன், ரொட்டி வாங்கித் தின்னட்டுமே, எனக்கு என் ஸுலேமா வேண்டும் என்றுதான் தோன்றியது. ஓடிப்போய்ப் பையனின் கையைப் பிடித்து, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கெஞ்சியிருப்பாள்.

"முதல்ல சொல்லு," என்றாள்.

"முதல்ல நீங்க, சென்யோரா. நான் வார்த்தை மாற மாட்டேன்."

அப்பாவிடமும் இதையேதான் சொல்லியிருப்பான். இதே குரலில், காப்பியை ஆற்றிக்கொண்டே சொல்லியிருப்பான். அவள் வரிசையின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்களா? என் தங்கச்சி யாருன்னே தெரியாதுன்னு ஆண்டவர் மேல சத்தியம் பண்ணினான். இப்போ எங்கேன்னு தெரியுமாம்! எத்தனை பேர் கேட்டீங்க? சொல்லுங்க!"

ஒருவன் தன் செருப்பைப் பார்த்தான். பால்கனி அம்மாள் உள்ளே போய்விட்டாள். வைரஸ் என்றதும் அத்தனை வாய்களும் திறந்தனவே, இப்போது அத்தனை துணிகளுக்குள்ளும் ஒரு நாக்குக்கூட இல்லை. ஒவியேதோ திரும்பி வந்தான். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. "சார், நீங்க வீட்டைவிட்டு வெளிய வரக்கூடாதுன்னு உத்தரவு இருக்கு. வண்டி வருது," என்றான். அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நான் கேட்டேன்."

தெல்மா வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள். மாவு படிந்த கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நான் கேட்டேன், ஆபீசர். இவ தங்கச்சி எங்கே இருக்கான்னு சொல்றேன், என்னை விட்டுடுன்னு இவளைக் கேட்டான். என் பேரை எழுதிக்கோங்க. எங்கே வேணாலும் வந்து சொல்றேன்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "என் கடையில நின்னுக்கிட்டு நன்றி, நன்றின்னியே. உன் நன்றியில தீயை வைக்க!"

அதற்குப் பிறகு ஒருவன் கையைத் தூக்கினான். குழந்தையோடு ஓடியவள் எதிர்ச் சாரியிலிருந்தே, "எனக்கும் கேட்டது!" என்றாள். பெர்தோல்டி முகத்துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்காவலை ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு இரண்டு நாள்கூடப் பிடிக்கவில்லை. அவன் சொன்னதைப் பற்றித் தனியாக ஒரு விசாரணையும் தொடங்கினார்கள். தெல்மா கடையிலிருந்தே கணினியில் சாட்சி சொன்னாள். பெர்தோல்டி மட்டும், பேசாமல் இருக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். நேலிடா திரையில் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சாகும்போதே ஸுலேமா எங்கே என்று இவனுக்குத் தெரியும். வழக்கில் அவள் அழுதபோது, நாலடி தூரத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியும். ஒருவேளை நிஜமாகவே தெரியாதோ என்று சில நாள் அவனுக்குச் சந்தேகத்தின் பலனைக்கூடக் கொடுத்திருக்கிறாள். அந்த நாட்களை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

குளிர் ஏறிய ஒரு காலையில் இலியானா கூப்பிட்டாள்.

"அவன் இருக்கற பகுதியில மூணு பேருக்குத் தொற்று வந்திருக்காம். அவனுக்கும் ராத்திரியிலேர்ந்து காய்ச்சல். உனக்கு இது நல்ல சேதியா கெட்ட சேதியான்னு எனக்குத் தெரியல."

நேலிடா தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு, ஊரே டாக்டர்களுக்காகக் கைதட்டும்போது, பால்கனியில் நின்று கைதட்டிக்கொண்டே இவன் சாக வேண்டும் என்று வேண்டியிருக்கிறாள். மூச்சு முட்டிச் சாக வேண்டும், தண்ணீர் கேட்டுச் சாக வேண்டும் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்களா?"

"இல்ல. ஜெயில்ல டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவைதான் வர்றாராம்."

"வாரத்துக்கு ஒரு தடவையா? என்னடி நினைச்சுக்கிட்டு இருக்காங்க? இப்பவே மனு எழுது. நல்ல ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர், ஆக்சிஜன், எல்லாம் கேளு. வாசல்ல போலீஸ் நிக்கட்டும், ஆனா படுக்கை அவனுக்கு இன்னிக்கே வேணும்."

"யார் பேர்ல போடறது? அவன் வக்கீலே இன்னும் கேக்கல."

"என் பேர்ல போடு! அவன் சாகக் கூடாது, இலியானா. என் ஸுலேமாவ வாயில வச்சுக்கிட்டு அந்த நாய் சாகக் கூடாது."

போனை வைத்தாள். உடனே மறுபடி எடுத்து, சிறைச்சாலை எண்ணைத் தேடி அழுத்தி, பெர்தோல்டிக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.